ஐக்கிய அமெரிக்காவில் சிறுவர் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்க முயற்சிகள்

ஐக்கிய அமெரிக்காவில் சிறுவர் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்க முயற்சிகள் என்பன, அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு இல்லாத சிறுவர்களுக்கு அரசின் உதவியுடன் காப்பீடு பெற்றுத் தர, தன்னார்வ அமைப்புகள், சமய நிறுவனங்கள், மருத்துவர் சங்கங்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் மேற்கொண்ட பரப்புரைகளையும் சட்ட நடவடிக்கைகளையும் குறிக்கும். இவற்றின் முதன்மையான விளைவு 1997 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட சிறுவர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகும். இத்திட்டம் அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு சிப் என அழைக்கப்படுகின்றது.

1997 இல் ஐக்கிய அமெரிக்காவில் 18 வயதிற்குட்பட்டோரில் சுமார் 14 விழுக்காட்டினர் காப்பீடு இல்லாதிருந்தனர். 2016 இல் இது 5 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. எனினும் இவ்வீழ்ச்சி சட்டம் இயற்றியதனால் மட்டும் ஏற்பட்டதன்று. காப்பீடு இல்லாத சிறுவர்களுள் பெரும்பாலோர் சட்டப்படி தகுதி பெற்றிருந்தும் பதிவு செய்யப்படாதவர்களாக இருந்தனர். ஆகவே தகுதியை விரிவாக்குதல், தகுதியுள்ளோரைச் சேர்த்தல், சேர்ந்தோர் விடுபடாமல் காத்தல் என்னும் மூன்று நிலைகளிலும் இம்முயற்சிகள் நடைபெற வேண்டியிருந்தது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் அனைவருக்குமான பொது மருத்துவக் காப்பீடு இல்லை. உழைக்கும் வயதினரும் அவர்தம் குடும்பத்தினரும் பெரும்பாலும் வேலை வழங்குநர் வழியாகவே காப்பீடு பெறுகின்றனர். 1965 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தின் வழி முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிக்கெய்ட் என்னும் இரு திட்டங்கள் தோன்றின. மெடிக்கெய்ட் திட்டத்தின் செலவை நடுவண் அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்து கொள்கின்றன. 1967 இல் செய்யப்பட்ட திருத்தம், இத்திட்டத்தில் உள்ள சிறுவர்களுக்கு நோய்களை முன்கூட்டியே கண்டறியும் சோதனைகளையும் அவற்றுக்குரிய சிகிச்சையையும் வழங்குவதைக் கட்டாயமாக்கியது.

தொடக்கத்தில் மெடிக்கெய்ட் தகுதி பெரும்பாலும் அரசின் பண உதவி பெறும் குடும்பங்களுடன் இணைக்கப்பட்டிருந்தது. இதனால் குறைந்த ஊதியத்தில் வேலை செய்த பெற்றோரின் பிள்ளைகள் இடையில் விடுபட்டனர். அவர்களின் வருவாய் அரசு உதவி பெறுவதற்கு மிகுதி. தனியார் காப்பீட்டை வாங்குவதற்கோ போதாது. காப்பீடு இல்லாத சிறுவர்களுள் பெரும்பாலோர் வேலையில் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் என்பது பின்னாளைய பரப்புரைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டது.

தொடக்க கால முயற்சிகள்

1973 இல் மேரியன் ரைட் எடல்மன் நிறுவிய சிறுவர் பாதுகாப்பு நிதியம் இத்துறையில் முன்னோடி அமைப்புகளுள் ஒன்று. 1980களில் இவ்வமைப்பும் பிற அமைப்புகளும் குழந்தை இறப்பு வீதத்தைச் சுட்டிக்காட்டிக் கருவுற்ற தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்கக் கோரின. கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன், ஆண்டுதோறும் நிறைவேற்றப்பட்ட வரவு செலவுச் சட்டங்களுக்குள் இவ்விரிவாக்கங்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்.

1989 ஆம் ஆண்டுச் சட்டம், வறுமைக் கோட்டின் 133 விழுக்காடு வரை வருவாய் உள்ள குடும்பங்களின் கருவுற்ற தாய்மாரையும் 6 வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம், செப்டம்பர் 30, 1983 இற்குப் பின்னர் பிறந்த, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள சிறுவர்கள் அனைவரையும் 19 வயதாகும் வரை படிப்படியாக உள்ளடக்கியது. இவ்வாறு சிறுவர் காப்பீடு அரசின் பண உதவித் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

மாநில முன்னோடித் திட்டங்கள்

நடுவண் சட்டத்திற்கு முன்னரே சில மாநிலங்கள் தனித் திட்டங்களைத் தொடங்கியிருந்தன.

* பென்சில்வேனியா: எஃகு ஆலைகள் மூடப்பட்டு வேலையிழந்தோரின் பிள்ளைகளுக்காக 1985 இல் தேவாலயங்களும் அப்பகுதிக் காப்பீட்டு நிறுவனமும் இணைந்து மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 1992 இல் மாநில அரசு சிகரெட் வரியைக் கொண்டு மாநிலம் முழுவதற்குமான திட்டத்தை உருவாக்கியது.
* மினசோட்டா: 1987 இல் சிறுவர்களுக்கான தனித் திட்டம் சட்டமாக்கப்பட்டது.
* புளோரிடா: தொழிலாளர் குழுவாகக் காப்பீடு பெறுவது போலப் பள்ளி மாணவரையும் ஒரு குழுவாகக் கொண்டு குறைந்த கட்டணத்தில் காப்பீடு பெறலாம் என்னும் கருத்தின் அடிப்படையில் 1990 இல் திட்டம் ஏற்கப்பட்டது.
* நியூயார்க்: 1990 இல் சிறுவர் நலத் திட்டம் சட்டமாக்கப்பட்டது.
* மாசச்சூசெட்ஸ்: 1996 இல் சிகரெட் வரியைப் பெட்டி ஒன்றுக்கு 25 சென்ட் உயர்த்தி, அப்பணத்தைக் கொண்டு சிறுவர் காப்பீடு விரிவாக்கப்பட்டது.

இவற்றுள் மாசச்சூசெட்ஸ் சட்டமே நடுவண் சட்டத்திற்கு நேரடித் தூண்டுதலாக அமைந்தது.

1997 ஆம் ஆண்டுச் சட்டம்

குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் முன்வைத்த அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1994 இல் தோல்வியுற்றது. அதன் பின்னர் ஒரே சட்டத்தால் அனைவரையும் சேர்க்க முயல்வதை விட, முதலில் சிறுவர்களைச் சேர்ப்பதே இயலும் வழி எனப் பலர் கருதினர். சிறுவருக்கான மருத்துவச் செலவு முதியோரை விடக் குறைவு என்பதும், சிறுவர் நலனை வெளிப்படையாக எதிர்ப்பது அரசியல்வாதிகளுக்குக் கடினம் என்பதும் இம்முடிவிற்குக் காரணங்களாகும்.

1997 இல் மாசச்சூசெட்ஸ் மாநில மக்களாட்சிக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியும், யூட்டா மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர் ஓரின் ஹாட்ச்சும் இணைந்து ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தனர். சிகரெட் பெட்டி ஒன்றுக்கு 43 சென்ட் வரி உயர்த்தி, 5 ஆண்டுகளில் கிடைக்கும் 30 பில்லியன் டாலரில் 20 பில்லியனைச் சிறுவர் காப்பீட்டிற்கும் 10 பில்லியனை வரவு செலவுப் பற்றாக்குறையைக் குறைப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரமாகும். பழமைவாதியான ஹாட்ச், தம் மாநிலத்தில் உழைத்தும் காப்பீடு வாங்க இயலாத குடும்பங்களைச் சந்தித்ததே தம் மனமாற்றத்திற்குக் காரணம் எனக் கூறினார்.

சிறுவர் பாதுகாப்பு நிதியமும் புகையிலை எதிர்ப்பு அமைப்புகளும் இதற்கு ஆதரவாகப் பரப்புரை செய்தன. புகையிலை நிறுவனங்களின் பக்கமா, சிறுவர்களின் பக்கமா என உறுப்பினர்களைக் கேட்கும் வகையில் அப்பரப்புரை அமைந்திருந்தது. எனினும், ஏற்கனவே எட்டப்பட்டிருந்த வரவு செலவு உடன்பாடு குலையும் என்னும் அச்சத்தால் அம்முன்மொழிவு 1997 மே மாதத்தில் செனட் சபையில் 55-45 என்னும் வாக்குக் கணக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டது. பரப்புரை தொடர்ந்ததால், சில வாரங்களில் அதன் கருத்து வேறு வடிவில் வரவு செலவுச் சட்டத்திற்குள் சேர்க்கப்பட்டது. ஆகஸ்ட் 5, 1997 அன்று கிளின்டன் இச்சட்டத்தில் கையொப்பமிட்டார். சிகரெட் வரி 43 சென்ட்டுக்குப் பதிலாக இரு தவணைகளில் 15 சென்ட் மட்டுமே உயர்த்தப்பட்டது. 10 ஆண்டுகளுக்குச் சுமார் 40 பில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது.

திட்டத்தின் அமைப்பு

மெடிக்கெய்ட் தகுதிக்கு மேற்பட்ட, ஆனால் பொதுவாக வறுமைக் கோட்டின் இரு மடங்கிற்கு உட்பட்ட வருவாய் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளை இத்திட்டம் இலக்காகக் கொண்டது. பின்னர் பல மாநிலங்கள் இவ்வரம்பை உயர்த்தின. நியூயார்க்கில் இது நான்கு மடங்கு வரை உள்ளது.

மாநிலங்கள் மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்கலாம், தனித் திட்டம் அமைக்கலாம் அல்லது இரண்டையும் இணைக்கலாம். மாநிலங்களை ஈர்க்கும் பொருட்டு நடுவண் அரசு செலவில் 65 முதல் 85 விழுக்காடு வரை ஏற்றது. இது மெடிக்கெய்ட் திட்டத்திற்கான பங்கை விட மிகுதி. 2000 ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் இத்திட்டத்தில் சேர்ந்திருந்தன.

மெடிக்கெய்ட் திட்டத்திற்கும் இதற்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. மெடிக்கெய்ட் சட்டப்படியான உரிமை. தகுதியுள்ளோர் எத்தனை பேர் வந்தாலும் அரசு செலவை ஏற்க வேண்டும். சிறுவர் காப்பீட்டுத் திட்டமோ வரையறுக்கப்பட்ட தொகையைக் கொண்டது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே நிதி ஒதுக்கப்படுவதால், ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் அதனைப் புதுப்பிக்க வேண்டும். பின்னாளில் நிகழ்ந்த போராட்டங்கள் பலவற்றுக்கு இதுவே காரணமாகும்.

பதிவுப் பரப்புரைகள்

சட்டம் நிறைவேறிய பின்னரும் பதிவு மெதுவாகவே நடந்தது. திட்டம் இருப்பதையே பல பெற்றோர் அறியவில்லை. அறிந்தோரும் நீண்ட விண்ணப்பப் படிவம், பல சான்றிதழ்கள், வேலை நேரத்தில் அலுவலகத்திற்கு நேரில் செல்ல வேண்டிய கட்டாயம் ஆகியவற்றால் பின்வாங்கினர். குடியேறிய குடும்பங்கள், விண்ணப்பித்தால் தம் குடியுரிமை வாய்ப்புக் கெடும் என அஞ்சின.

இராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளை 1990களின் பிற்பகுதியில் நாடு தழுவிய பதிவுப் பரப்புரை ஒன்றிற்கு நிதி வழங்கியது. பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், தேவாலயங்கள் ஆகியவற்றில் விண்ணப்பங்கள் நிரப்ப உதவி அளிக்கப்பட்டது. அத்துடன், படிவத்தைச் சுருக்குதல், அஞ்சல் வழி விண்ணப்பத்தை ஏற்றல், நேர்காணலை நீக்குதல், இரு திட்டங்களுக்கும் ஒரே படிவம் வைத்தல், ஒருமுறை சேர்ந்த சிறுவரை 12 மாதங்களுக்கு நீக்காதிருத்தல் ஆகிய மாற்றங்களை ஆதரவாளர்கள் மாநில அரசுகளிடம் வலியுறுத்தினர்.

நடைமுறைகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இரு மாநிலங்களின் அனுபவம் காட்டுகிறது. டெக்சாஸ் மாநிலம் நிதி நெருக்கடியால் 2003 இல் விதிகளைக் கடுமையாக்கியது. 6 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தல், சேர்வதற்கு முன் 90 நாள் காத்திருப்பு, சொத்துச் சோதனை ஆகியன புகுத்தப்பட்டன. 5 இலட்சத்திற்கு மேல் இருந்த பதிவு 3 ஆண்டுகளில் 3 இலட்சம் அளவிற்குக் குறைந்தது. நீண்ட பரப்புரைக்குப் பின் 2007 இல் 12 மாதப் பதிவு மீண்டும் கொண்டு வரப்பட்டது. மாறாக லூசியானா மாநிலம், அரசிடம் ஏற்கனவே உள்ள தகவல்களைக் கொண்டும் தொலைபேசி மூலமும் புதுப்பிக்கும் முறையைக் கையாண்டது. அங்குப் புதுப்பிக்கும் வேளையில் படிவக் குறைபாட்டால் நீக்கப்பட்ட சிறுவர் ஒரு விழுக்காட்டிற்கும் கீழாயினர்.

உள்ளூர் இயக்கங்கள்

கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டத்தில் தேவாலயங்களைச் சார்ந்த ஒரு மக்கள் அமைப்பும் தொழிற்சங்கங்களைச் சார்ந்த ஓர் அமைப்பும் இணைந்து, மாவட்டத்தில் உள்ள எல்லாச் சிறுவர்களுக்கும் காப்பீடு வேண்டும் எனக் கோரின. புகையிலை நிறுவனங்களுடனான வழக்குத் தீர்வில் கிடைத்த பணத்தை இதற்கு ஒதுக்குமாறு அவை கேட்டன. 2000 இல் சான் ஒசே நகர மன்றம் இதனை ஏற்க மறுத்தது. ஆனால் மாவட்ட நிர்வாகம் ஏற்றது. 2001 சனவரியில் தொடங்கிய இத்திட்டம், உரிய குடியேற்ற ஆவணங்கள் இல்லாத சிறுவர்களையும் சேர்த்துக் கொண்டது. தொடர்ந்து கலிபோர்னியாவின் வேறு பல மாவட்டங்களும் இதனைப் பின்பற்றின. 2016 மே முதல் கலிபோர்னியா மாநிலம், குடியேற்ற நிலையைக் கருதாது, வருவாய்த் தகுதி உள்ள எல்லாச் சிறுவர்களுக்கும் முழுமையான மெடிக்கெய்ட் பயன்களை வழங்கியது.

இல்லினாய் மாநிலம் 2005 இல் எல்லாச் சிறுவர்களுக்குமான காப்பீட்டுச் சட்டத்தை இயற்றி 2006 சூலையில் நடைமுறைப்படுத்தியது. ஆரிகன் மாநிலத்தில் சிகரெட் வரி மூலம் சிறுவர் காப்பீட்டை விரிவாக்கும் முன்மொழிவு 2007 நவம்பரில் பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. புகையிலை நிறுவனங்கள் பெருந்தொகை செலவிட்டு எதிர்த்தமையால் அது தோல்வியுற்றது. 2009 இல் அம்மாநிலச் சட்டமன்றம் காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் மீது வரி விதித்து அதே நோக்கத்தை நிறைவேற்றியது.

2007 ஆம் ஆண்டு மறுப்பும் 2009 ஆம் ஆண்டுச் சட்டமும்

திட்டத்தின் முதல் 10 ஆண்டுக் காலம் 2007 செப்டம்பரில் முடிவுற்றது. 5 ஆண்டுகளுக்குக் கூடுதலாக 35 பில்லியன் டாலர் ஒதுக்கி, சிகரெட் வரியைப் பெட்டிக்கு 61 சென்ட் உயர்த்தும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. நடுத்தர வருவாய்க் குடும்பங்களைத் தனியார் காப்பீட்டிலிருந்து அரசுக் காப்பீட்டிற்கு இது இழுத்துவிடும் எனக் கூறி, குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அக்டோபர் 3, 2007 அன்று தம் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தினார். அதனை மீற மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. அக்டோபர் 18 அன்று பிரதிநிதிகள் சபையில் 273-156 என்னும் கணக்கில் 13 வாக்குகள் குறைந்தன. திருத்தப்பட்ட சட்டமும் டிசம்பர் 12 அன்று மறுக்கப்பட்டது. முடிவில் திட்டம் 2009 மார்ச் வரை மட்டும் நீட்டிக்கப்பட்டது.

2007 பெப்ரவரியில் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லில் ஏற்பட்ட நோய்த்தொற்று மூளைக்குப் பரவியதால் உயிரிழந்தான். உரிய காலத்தில் ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் தவிர்க்கக் கூடிய இறப்பு இது. அவனுடைய குடும்பத்தின் மெடிக்கெய்ட் காப்பீடு இடையில் நின்றுபோயிருந்தது. மெடிக்கெய்ட் நோயாளரை ஏற்கும் பல் மருத்துவர்கள் அரிதாக இருப்பதையும் இந்நிகழ்வு நாட்டின் கவனத்திற்குக் கொண்டு வந்தது.

பராக் ஒபாமா பதவியேற்று 15 நாட்களில், பெப்ரவரி 4, 2009 அன்று, புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். சிகரெட் வரி 62 சென்ட் உயர்த்தப்பட்டு 1.01 டாலர் ஆனது. இச்சட்டத்தின் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

* பல் மருத்துவம் கட்டாயப் பயனாக்கப்பட்டது.
* சட்டப்படி குடியேறிய சிறுவர்களை 5 ஆண்டுக் காத்திருப்பு இன்றிச் சேர்க்க மாநிலங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது.
* உணவு உதவி போன்ற பிற திட்டங்களின் தகவலைக் கொண்டே தகுதியை முடிவு செய்ய வழி செய்யப்பட்டது. 2010 இல் லூசியானா இம்முறையால் தொடக்கத்திலேயே பத்தாயிரத்திற்கு மேற்பட்ட சிறுவர்களைச் சேர்த்தது.
* நடைமுறைகளை எளிதாக்கிப் பதிவை உயர்த்திய மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

2010 இற்குப் பின்னர்

2010 ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம், ஏற்கனவே உள்ள நோயைக் காரணம் காட்டிச் சிறுவர்களுக்குக் காப்பீடு மறுப்பதைத் தடை செய்தது. மாநிலங்கள் சிறுவர் தகுதி வரம்பைக் குறைக்கவும் தடை விதித்தது. பெற்றோர் காப்பீடு பெறும்போது பிள்ளைகளும் சேர்க்கப்படும் வாய்ப்பு மிகுவதால், பெரியோருக்கான விரிவாக்கமும் சிறுவர் பதிவை உயர்த்தியது. நிதி நெருக்கடியால் 2010 சனவரியில் புதிய பதிவை நிறுத்திய அரிசோனா, 2016 இல் மீண்டும் தொடங்கியது.

செப்டம்பர் 30, 2017 அன்று திட்டத்தின் நிதி ஒதுக்கீடு காலாவதியானது. அப்போது ஏறத்தாழ 9 மில்லியன் சிறுவர்கள் இத்திட்டத்தால் பயன்பெற்று வந்தனர். கொலராடோ, வர்ஜீனியா முதலிய மாநிலங்கள் காப்பீடு நிற்கக்கூடும் எனப் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பின. 114 நாட்களுக்குப் பின்னர், சனவரி 22, 2018 அன்று 6 ஆண்டுகளுக்கு நீட்டிப்பு வழங்கப்பட்டது. அடுத்த மாதமே அது 2027 வரை நீட்டிக்கப்பட்டது.

கொவிட்-19 பெருந்தொற்றின்போது மெடிக்கெய்ட் திட்டத்திலிருந்து எவரையும் நீக்கக் கூடாது என்னும் விதி 2020 மார்ச் முதல் நடைமுறையில் இருந்தது. 2019 இல் 5.7 விழுக்காட்டிற்கு உயர்ந்திருந்த காப்பீடற்ற சிறுவர் வீதம் இக்காலத்தில் மீண்டும் குறைந்தது. ஏப்ரல் 1, 2023 முதல் நீக்கம் மீண்டும் தொடங்கியபோது, எல்லா வயதினரும் சேர்த்து 25 மில்லியனுக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். இவர்களுள் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் தகுதி இழந்ததால் அன்றி, படிவம் சேராமை போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள் ஆவர்.

ஆதரவாளர்களின் நீண்டநாள் கோரிக்கையான 12 மாதத் தொடர் காப்பீடு, 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தால் சனவரி 1, 2024 முதல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதே சட்டம் திட்டத்தின் நிதியை 2029 வரை நீட்டித்தது. ஆரிகன் முதலிய சில மாநிலங்கள் குழந்தைகளை 6 வயது வரை இடைவெளியின்றிச் சேர்த்திருக்கச் சிறப்பு அனுமதி பெற்றன. ஆனால் இத்தகைய அனுமதிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என 2025 சூலையில் நடுவண் அரசு அறிவித்தது. அதே மாதம் 4 ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட சட்டம் மெடிக்கெய்ட் திட்டத்திற்கான நடுவண் நிதியைப் பெருமளவு குறைத்தது. அச்சட்டத்தின் வேலை நிபந்தனைகளிலிருந்து 13 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோர் விலக்கப்பட்டுள்ளனர்.

எதிர்வாதங்கள்

அரசுக் காப்பீடு கிடைக்கும்போது சில பெற்றோர் தனியார் காப்பீட்டைக் கைவிடுவர் என்பது முதன்மையான எதிர்வாதம் ஆகும். இவ்வாறு நிகழ்வது உண்மையே என ஆய்வாளர் பலர் ஏற்றாலும், அதன் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சிகரெட் வரி ஏழைகளையே மிகுதியாகத் தாக்குகின்றது என்பதும், புகைப்போர் குறையும்போது அவ்வருவாயும் குறையும் என்பதும் வேறு இரு வாதங்கள். தொடக்க காலத்தில் சில மாநிலங்கள் சிறுவர் நிதியைக் கொண்டு பெரியோரையும் சேர்த்ததும் கண்டனத்திற்கு உள்ளானது. மருத்துவர்களுக்கு அரசுத் திட்டங்கள் வழங்கும் குறைந்த கட்டணத்தால், காப்பீடு இருந்தும் மருத்துவர் கிடைக்காத நிலை உள்ளது என்பதை ஆதரவாளர்களும் ஏற்கின்றனர்.

விளைவுகள்

1980களின் மெடிக்கெய்ட் விரிவாக்கங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஜேனட் கரி, ஜானதன் குரூபர் ஆகியோர், அவை குழந்தை இறப்பைக் குறைத்தன என 1996 இல் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினர். சிறு வயதில் கூடுதல் ஆண்டுகள் தகுதி பெற்றிருந்தோர் வளர்ந்த பின் கூடுதலாக வரி செலுத்துகின்றனர் எனவும், அரசு செலவிட்ட பணத்தின் ஒரு பகுதி இவ்வாறு திரும்புகிறது எனவும் 2020 இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டறிந்தது.

2023 இல் காப்பீடு இல்லாத சிறுவர் வீதம் 5.4 விழுக்காடாக இருந்தது. மாநிலங்களுக்கு இடையே வேறுபாடு பெரிது: மாசச்சூசெட்ஸ் மிகக் குறைந்த வீதம் கொண்ட மாநிலங்களுள் ஒன்றாகவும், டெக்சாஸ் மிகக் கூடிய வீதம் கொண்டதாகவும் நீடிக்கின்றன. நடுவண் சட்டம் இரண்டிற்கும் ஒன்றே. தகுதி வரம்பு, பெரியோருக்கான காப்பீடு, பதிவு நடைமுறை ஆகியவற்றில் மாநிலங்கள் எடுக்கும் முடிவுகளே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகும். மெடிக்கெய்ட் போலன்றி, சிறுவர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் நிதி 2029 இற்குப் பின்னரும் தொடர வேண்டுமாயின் காங்கிரஸ் மீண்டும் வாக்களிக்க வேண்டும். அதனை நிலையான திட்டமாக்க வேண்டும் என்பது ஆதரவு அமைப்புகளின் கோரிக்கைகளுள் ஒன்றாகும்.